ஏழு மணிக் கோடு

நான் போட்ட கோடு இது இல்லை. என் கோடு முழங்காலுக்கு நாலு விரல் கீழே இருந்தது. இது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அதே நேரம், காலை ஏழு. ஆனால் கையெழுத்து சீனியர் நர்ஸ் அக்காவுடையது.

வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் குனிந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அந்தப்புறம் அக்கா நின்றிருந்தாள்.

படுத்திருந்தவள் தையல்காரி. கத்தரிக்கோல் விழுந்து கணுக்காலில் சின்னக் கீறல், மூன்றாம் நாள் கால் தூணாகிவிட்டது. தோலுக்கடியில் சதையைத் தின்றுகொண்டே போகும் கிருமியோ என்று காலையிலேயே சந்தேகம். அப்படியானால் மருந்து போதாது, அழுகியதை உடனே அறுத்தெடுக்க வேண்டும். சிவப்பு முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுவோம். சிவப்பு அதைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் இல்லாத எங்களுக்கு அந்தப் பேனாதான் எல்லாம். கோடு போட்ட கையோடு, ஆள் போதவில்லை என்று என்னை வெளிநோயாளிகள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். திரும்பியபோது மணி ஒன்று.

"ஆறு மணி நேரமாச்சு, தாண்டல. நாளைக்கு முதல் கேஸா எடுத்துக்கலாம்" என்று டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். இருப்பது ஒரே மேசை. மயக்க மருந்து கொடுப்பவர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"மருந்து கேக்குது சிஸ்டர்" என்றாள் தையல்காரி. "காலைல உயிரே போச்சு. இப்ப வலியே இல்ல. பாருங்க, ரெண்டு நாள்ல மிஷினை மிதிச்சு உங்களுக்கே ஜாக்கெட் தைக்கிறேன். இப்ப போட்டிருக்கறதை எந்தப் புண்ணியவான் தைச்சான்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே அழுத்திக் கிள்ளினேன். அவள் பேச்சு நிற்கவில்லை. வலி போனது மருந்தால் இல்லை, அங்கே உணர்வே செத்திருந்தது.

மருந்து அறையில் அக்காவைப் பிடித்தேன்.

"கோட்டை அழிச்சீங்களா?"

"உடம்பு துடைச்சப்போ ஸ்பிரிட்டுல போயிடுச்சுடி. திரும்பப் போட்டுட்டேன்."

"எங்க?"

"அப்ப சிவப்பு இருந்த இடத்துலதான்."

"நேரம்?"

"ஷீட்ல ஏழுன்னு இருந்துச்சு, அதையே..." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது.

சற்று நேரம் பஞ்சு டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்பவே சொல்லணுமா? ஒரு அரை மணி நேரம். அதுவே கோட்டைத் தாண்டிடும். தாண்டிடுச்சுன்னு ஓடிப்போய்ச் சொல்லு. பொய்யும் இல்ல, யார் தலையும் உருளாது. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன், உனக்குத் தெரியும்ல?"

தெரியும். என் குழந்தை காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளும் என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவள் இவள். அந்தக் களைப்பில் நடந்த தவறுக்குத்தான் அந்த மெமோ. அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

அரை மணி நேரம். கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! அவள் கேட்டதுகூட என்னை அவ்வளவு பயமுறுத்தவில்லை. கேட்டவுடன் என் நெஞ்சுக்குள் ஒரு நொடி பரவிய நிம்மதிதான் பயமுறுத்தியது. கட்டிலருகே வாயடைத்து நின்றவளும் நான்தானே. இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குள் அந்தக் காலில் எவ்வளவு சதை போகும் என்பது மட்டும் எந்த ஷீட்டிலும் இருக்காது.

வெளியே தையல்காரி பக்கத்துக் கட்டில்காரியிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்ற?" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

"முடியாதுக்கா. நீங்களும் வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"