ஆளுக்குப் பதில் ஆள்

எங்கள் கம்பெனியில் பதினோராயிரம் பேர் வேலை செய்கிறார்கள். அதில் லைசென்ஸைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டே பேர். போன வருஷம் பெனிட்டா குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுப் போனாள். மிச்சம் ஒருத்தி. அந்த ஒருத்தி நான், சுபஸ்ரீ. அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, நின்றுகொண்டே சென்னைக்குப் போய், உட்கார்ந்துகொண்டே மற்றவர்களைத் திட்டுவது என் உத்தியோகம்.

திட்டுவதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் யார் யாரோ நல்லவர்கள் மென்பொருளை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். ஓபன் சோர்ஸ் என்று பேர். எங்கள் இன்ஜினீயர்கள் அதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிற மாதிரி கூச்சமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். காசு வேண்டாம், சரி. ஆனால் ஒவ்வொன்றோடும் ஒரு லைசென்ஸ் ஒட்டிக்கொண்டு வரும். என் பெயரை அழிக்காதே, மாற்றினால் மாற்றியதைக் காட்டு என்று ஏதாவது இரண்டு நிபந்தனை இருக்கும். அதைப் படித்துவிட்டு எடுக்கலாம், கூடாது என்று சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை. மாதம் ஒருமுறை எல்லோரையும் கூட்டி வைத்து, "படிக்காமல் டிக் போடாதீர்கள்" என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்வேன். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கம்பெனிக்கு ஒரு மெயில் வந்தது. நாங்கள் படகுகளுக்கான ஒரு கருவி செய்திருந்தோம். முகத்துவாரம் வழியாகப் போகும் படகுக்கு, எங்கே ஆழம், எங்கே மணல் தட்டும் என்று திரையில் காட்டும் கருவி. இருபதாயிரம் பெட்டிகள் தயார். விற்பனைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. சோதனைக்காக ஒரு இழுவைப் படகில் பொருத்திய கருவி, "எச்சரிக்கை: முன்னால் திரௌபதி மேடு" என்று எழுதிக் காட்டியிருக்கிறது. அந்தப் படகில் வேலை பார்த்த ரமேஷ் என்பவர் விழுந்து விழுந்து சிரித்து, அதைப் படம் பிடித்துத் தன் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

திரௌபதி மேடு என்று எந்த வரைபடத்திலும் ஒரு இடம் கிடையாது. ரமேஷின் ஊரான பழவேற்காடு ஏரிக் குப்பத்தில் ஜமுனா என்ற பெண் இருக்கிறாள். பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்தவள். அவள் தன் குப்பத்துப் படகுகளுக்காக முகத்துவாரத்து ஆழத்தைக் கணக்குப் போடும் மென்பொருளை எழுதி இணையத்தில் வைத்தாள். யாராலும் தாண்ட முடியாத ஒரு மணல்மேட்டுக்குத் தன் அம்மா பெயரை வைத்தாள். எங்கள் இன்ஜினீயர் ஹேமந்த் அந்த மென்பொருளை எடுத்தார், கொஞ்சம் மாற்றினார், ஜமுனாவின் பெயரை அழித்தார், அம்மாவின் பெயரை விட்டுவிட்டார். கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் "திரௌபதி மேடு போன்ற புகழ்பெற்ற ஆபத்துப் பகுதிகள்" என்று வேறு அச்சடித்திருந்தார்கள்.

ஜமுனாவின் மெயிலில் இரண்டே வரிதான். "எங்க முகத்துவாரம் உங்க பெட்டிக்குள்ள இருக்கு. எங்க லைசென்ஸ்படி உங்க ஆள் எப்ப வராங்க?"

லைசென்ஸைத் திறந்து பார்த்தேன். முதலில் எல்லோரும் போடுகிற வழக்கமான ஆங்கிலப் பத்திகள். அடியில் நான்கு வரி தமிழ்.

"மேலே சொன்னது உலகத்துக்கு. இது எங்கள் குப்பத்துக்கு. எடுத்து மாற்றினால் மாற்றியதை எங்களுக்கும் காட்டவும். காட்டாமல் விட்டால், எங்கள் பாடு முறைப்படி, தவறு செய்தவரே கூட்டத்துக்கு வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். ஆளுக்குப் பதில் ஆள் கூடாது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதற்கு டிக் போட்டது நான்தான். லைசென்ஸைச் சோதிக்கும் எங்கள் இயந்திரம், "தொண்ணூற்று நான்கு சதவீதம் வழக்கமானது, மீதி ஆறு சதவீதம் புரியாத எழுத்து" என்று காட்டியது. இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நான் அன்றைக்கு ஏழு மணி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் மீதி ஆறைத் திறக்கவே இல்லை.

இது யாருக்கும் தெரியாது. பதிவில் "அனுமதி: லைசென்ஸ் குழு" என்று மட்டும்தான் இருக்கும். குழுவில் இரண்டு பேர். ஒருத்தி போய்விட்டாள். எந்த அலுவலகத்திலும் எந்தத் தப்பையும் செய்தவர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர்தான். அதனால் பெனிட்டாதான் செய்திருக்கிறாள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். அதே வாரம் பெனிட்டா மறுபடி வேலைக்குச் சேர விண்ணப்பித்திருந்தாள். மனிதவளத் துறை அந்த விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனி வக்கீல் வீரராகவன் சாரையும் என்னையும் குப்பத்துக்கு அனுப்பினார்கள். அவர் கையில் நாற்பத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவமும், ஜமுனா கையெழுத்துப் போட வேண்டிய புது ஒப்பந்தமும் இருந்தன. பளபளப்பான ஷூவும் போட்டிருந்தார். கார் நின்ற இடத்திலிருந்து கூட்டம் நடக்கும் வலைக் கூடத்துக்கு ஐம்பது அடி தூரம். அதற்குள் ஷூ சேற்றின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பாடுக் கூட்டம். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரும், மோசமான இடமும் சுற்றி வரும். வழக்கமாக ஆண்கள்தான் உட்காருவார்கள். ஆனால் ஆழக் கணக்கு ஜமுனாவின் போனில் இருந்தது, அதனால் ஜமுனா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்ததால் அவள் அம்மா திரௌபதியும் வந்து, தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

கூட்டத்தை நடத்துகிறவர் தெய்வசிகாமணி. ஒல்லியாக, காதில் பென்சில் செருகிக்கொண்டு இருந்தார்.

"ஏம்மா, எங்க சாமானை எடுத்தது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க கம்பெனி, ஐயா."

"கம்பெனி வந்துகீதா?"

வீரராகவன் சார் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி பார்த்தா கம்பெனிங்கறதே ஒரு நபர்தாங்க. அந்த நபரோட சார்பா நாங்க வந்திருக்கோம்."

"நபர்னா வந்து உக்காரட்டும்" என்றார் திரௌபதி தூணருகிலிருந்து. "இன்னா, ஒடம்பு சரியில்லையா அதுக்கு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. வக்கீல் சாரும் சிரித்து வைத்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். ஜமுனா அதை வாங்கவில்லை.

"இது என்னோடது மட்டும் இல்ல சார். இன்னிக்கு எத்தினி அடி ஆழம்னு இவங்க எல்லாரும் கழி போட்டுப் பார்த்துச் சொன்னாங்க, நான் எழுதினேன். நான் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. லைசென்ஸ்ல இருக்கறத செய்ங்க, போதும்."

"அதான் வந்திருக்கோமேம்மா."

"தப்பு பண்ணவங்க வந்துகீறாங்களா?"

தெய்வசிகாமணி எங்களுக்குப் புரியும்படி சொன்னார். போன சித்திரையில் முத்து என்பவர் அடுத்தவர் முறையில் வலை கட்டிவிட்டாராம். கூட்டத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு தம்பியை அனுப்பினாராம். தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் நான்கு மணி வரை மொத்த ஊரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததாம். முத்து வந்து, நான்தான் கட்டினேன் என்றாராம். தண்டனையாக அவருக்கு ஒரு சுற்று வலை கட்டும் முறை போயிற்று, விஷயம் முடிந்தது.

"பசிதான் தாங்கல" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர்தான் முத்து என்று எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

தெய்வசிகாமணி மறுபடி என் பக்கம் திரும்பினார். "எங்க சாமானை எடுத்துப் பெட்டியில போட்டது எந்த ஆளு?"

"ஹேமந்த்னு ஒரு இன்ஜினீயர்."

"அவரா எடுத்தாரா, கேட்டுகினு எடுத்தாரா?"

"கேட்டார். எங்க கம்பெனியில ஒரு குழு இருக்கு. குழு எடுக்கலாம்னு சொன்ன பிறகுதான் எடுப்பாங்க."

"அப்ப அவர் மேல தப்பு பாதிதான். சரின்னு சொன்னவங்கதான் மொதல்ல வரணும். குழுல எத்தினி பேரு?"

"ரெண்டு பேர்."

"ரெண்டுல யாரு?"

நான் யோசிப்பதற்குள் வீரராகவன் சார் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பதில் சொன்னார். "அவங்க இப்ப வேலையில இல்லீங்க. பெனிட்டானு ஒரு அம்மா. கைக்குழந்தைக்காரங்க."

தெய்வசிகாமணி பென்சிலை எடுத்து நோட்டில் எழுதப் போனார். "சரி. அந்தப் பொண்ணு எந்த ஊர்ல கீது? ஜமுனா, நம்ம ரமேஷ் வண்டியில போயி கூட்டியாரட்டும். கொழந்தையும் வரட்டும், பால் கீல் காய்ச்சித் தரலாம். அதுவரைக்கும் கூட்டம் நிக்கும்."

யாரும் முணுமுணுக்கவில்லை. முத்து மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டார். அந்தப் பெண் வருகிறவரை காத்திருப்பது என்று எல்லோரும் கால்களை நீட்டி வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள். பெனிட்டா இடுப்பில் குழந்தையோடு வந்து இந்தக் கூடத்தில் நின்று, தான் செய்யாத ஒன்றைப் பற்றி இவர்களிடம் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் பேசாமல் இருந்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. அங்கே பெனிட்டா ஒரு பெயராகத்தான் இருந்தாள். இங்கே அவளுக்குப் பால் காய்ச்சப் போகிறார்கள். எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது.

"பெனிட்டா இல்லீங்க" என்றேன். "நான்தான்."

வீரராகவன் சார் கையிலிருந்த படிவத்தை மெதுவாக மடித்தார்.

"உனுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?" என்றார் தெய்வசிகாமணி.

"தெரியும்."

"தமிழு?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"படிக்கல. படிக்காமலே டிக் போட்டுட்டேன்."

"இது இன்னா வேலை பாக்குது?" என்று திரௌபதி ஜமுனாவிடம் கேட்டார்.

"லைசென்ஸ் படிக்கற வேலைம்மா."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. விற்பனைக்குக் குறித்த தேதியிலிருந்து ஒரு சுற்று, அதாவது பதினெட்டு நாள், எங்கள் கருவி வெளியே போகக் கூடாது. ஜமுனாவின் பெயரைத் திரும்பப் போட வேண்டும். ஹேமந்த் மாற்றியதை எல்லாம் ஜமுனாவுக்குக் கொடுப்பதோடு, அடுத்த கூட்டத்தில் நான் வந்து அதை எல்லோருக்கும் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும். வீரராகவன் சார் மனக்கணக்குப் போட்டார். மென்பொருளை வெட்டி எடுத்து வேறு எழுதுவதென்றால் மூன்று மாதம். பதினெட்டு நாள் லாபம். சரி என்றார்.

தெய்வசிகாமணி நோட்டில் அனுமதியை எழுதி, கிழித்துக் கொடுத்தார். அதை வக்கீல் வாங்கிப் பார்த்தார். "எடுத்துக்கொள்ளும் ஆள்: சுபஸ்ரீ, அனுப்பம்பட்டு" என்று இருந்தது.

"ஐயா, இங்க கம்பெனி பேரு வரணும்."

"அது வரலியேப்பா" என்றார் தெய்வசிகாமணி. "இதுதான் வந்துச்சு."

"இவங்க நாளைக்கே வேலையை விட்டுப் போயிட்டா?"

"அடுத்த ஆள் வந்து உக்காரட்டும். நாங்க எங்க போப்போறோம்?"

திரும்பி வரும்போது, கார் பொன்னேரி தாண்டியதும் வீரராகவன் சார், "நீங்க அங்க சொன்னதை அறிக்கையில எழுத வேண்டாம்னு நீங்க நினைச்சா நான் எழுதாம விட்டுடறேன். ஊர்க் கூட்டந்தானே" என்றார். நல்ல மனிதர். என்னை வேலையிலிருந்து எடுத்தால் இருபதாயிரம் பெட்டியும் முடங்கும் என்ற கவலையும் அதில் இருந்திருக்கும். எழுதுங்கள் என்றேன். எழுதினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இந்த வருஷச் சம்பள உயர்வு போயிற்று. மாதாந்திர உபதேசக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல்முறையாக ஒருவரும் கேமராவை அணைக்கவில்லை.

பெனிட்டாவுக்கு வேலைக்கான கடிதம் போன அன்று அவளைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"பெனிட்டா, அந்த டிக் போட்டது நான்தான். எல்லாரும் உன்னைச் சொன்னப்ப நான் சும்மா இருந்துட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா? வீரராகவன் சாரா?"

"யாரும் சொல்லலை. உள்ள தமிழ்ல நாலு வரி இருந்துச்சு, குழு பாக்காம விட்டுடுச்சுன்னு மனிதவளத்துல சொன்னாங்க பாரு, அப்பவே தெரியும்."

"அது எப்படி?"

"குழுவுல ரெண்டு பேர்தானேடி" என்றாள் பெனிட்டா. "நான் படிச்சிருப்பேன்."