கண்ணாடிக் கதவில் இருவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியுடையது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை நான் காதில் வாங்கி, அவரைக் கேட்காமலேயே கதையாக்கத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் அனுமதி கேட்டேன். "எழுதுங்க தம்பி. ஆனா என்னைய அழ வெச்சிடாதீங்க" என்றார். ஆகவே இதில் யாரும் அழமாட்டார்கள். அழுகையை நம்பி வந்தவர்கள் இப்போதே எழுந்துபோகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஒளி என்பது ஒரு…"

(வேண்டாம். ஒளியைப் பற்றி நான் தத்துவம் பேசினால் அண்ணி சிரிப்பார்.)

இரண்டாவது தொடக்கம்: அண்ணியின் கேமரா, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று கடைக்காரர்கள் எடுத்துக் காட்டும் ரகம். உடம்பெல்லாம் பிளாஸ்டிக். பெட்டியோடு சேர்ந்து வந்த ஒரே லென்ஸ். கற்றுக்கொண்ட பிறகும் அண்ணி அதை மாற்றவில்லை. அதை வைத்தே தொழிலில் இறங்கிவிட்டார்.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்க ஆள் தேடிய ஒரு வீட்டுத் தரகர், ஒரு நாள் காலை அப்படியொரு வீட்டின் வாசலில் அண்ணியைப் பார்த்ததும் கேட்டது இது:

"மேடம், கேமரா வண்டியில இருக்கா?"

கேமரா அண்ணியின் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் சார்."

"இதுவா? என் மச்சான் டூர் போறப்ப இதத்தான் மாட்டிக்கிட்டுப் போவான்." ஒரு கணம் யோசித்தார். "சரி, எடுங்க. சரியா வரலேன்னா நாளைக்கு என் பழைய ஆள வரச் சொல்லிடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அண்ணி தப்பாகத்தான் நினைத்துக்கொண்டார். [இதை அவர் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் லென்ஸைத் துடைத்த கை கொஞ்சம் வேகமெடுத்தது.] வேலைக்கென்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நாளைக்கு அந்தப் பழைய ஆள் வந்தால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள்.

3

வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், அவர் மனைவி நர்ஸ். பிரிவதென்று பேசி முடித்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வீடு விற்கும்வரை ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள்.

முதல் வரைவில் வாத்தியாரை முரடராக எழுதினேன். அப்படி எழுதினால் வாசகர் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார், எனக்கும் வேலை மிச்சம். அண்ணி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவரு அப்படியெல்லாம் இல்ல தம்பி. ரெண்டு பேருமே நல்லவங்க. அதான் கஷ்டமே." முரடரை அடித்துவிட்டேன். (பேனாவால்தான்.)

"அந்த ரூம்ல எடுக்கணும்னா அவர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்றார் நர்ஸ்.

"இந்த நாற்காலிய நகத்தணும்னா அவங்கள ஒரு வார்த்த கேட்டுடுங்க" என்றார் வாத்தியார்.

இருவருக்கும் நடுவே தூது போய்வந்ததிலேயே அண்ணிக்குப் பாதி நேரம் போயிற்று.

4

அறைகளெல்லாம் ஒழுங்காக வந்தன. சமையலறைதான் வம்பு செய்தது. அதன் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. உள்ளே பகலிலும் மங்கல். பெரிய கேமரா என்றால் அந்த இருட்டையும் விழுங்கிச் செரித்துவிடும். இந்தக் கேமராவை வற்புறுத்தினால் படம் முழுக்க ரவை கொட்டினதுபோல் புள்ளி புள்ளியாக வரும்.

அண்ணி ஒரு வழி கண்டார். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்தே வைப்பது. கூடத்துப் பால்கனிக் கதவு வழியே வரும் வெளிச்சத்தை ஒரு வெள்ளை விரிப்பில் வாங்கி உள்ளே திருப்புவது. விரிப்பை நர்ஸ் எடுத்துக் கொடுத்தார். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தரகரோ கீழே நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் வாத்தியார் ஒரு முனையையும் நர்ஸ் மறுமுனையையும் பிடித்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க சார்."

"அவருக்குத் தோள்பட்ட வலி. அதுக்கு மேல தூக்க முடியாது" என்றார் நர்ஸ், அண்ணியிடம்.

வாத்தியார் கையை நன்றாகவே உயர்த்தினார். "அது போயிடுச்சு" என்றார்.

"எப்போ?" இந்தக் கேள்வி நேராக அவரிடமே போயிற்று.

"நகராதீங்க, எடுக்கறேன்" என்று அண்ணி பொத்தானை அழுத்தினார். ஷட்டர் திறந்தது.

"நீ அந்த ரூமுக்குப் போனதுக்கு அப்புறம்" என்றார் வாத்தியார். "இத்தன வருஷமா என் கை மேல தலய வெச்சுத்தானே தூங்கின. வலிக்காம என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். விரிப்பு ஆடியது. நர்ஸ் சிரிக்கவில்லை. ஷட்டர் மூடிக்கொண்டது.

(இந்த இடத்தில் நர்ஸின் மனதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். "அவளுக்குள் ஏதோ ஒன்று…" அந்த ஏதோ ஒன்று என்னவென்று எனக்குத் தெரியாததால் நிறுத்திவிட்டேன்.)

5

படம் அழகாக வந்திருந்தது. ஆனால் பாத்திர அலமாரியின் கண்ணாடிக் கதவில், விரிப்பைப் பிடித்த இருவரும் தெரிந்தார்கள். விரிப்பு கலங்கலாக இருந்தது. சிரித்து அசைந்த வாத்தியாரின் முகமும் கலங்கலாக இருந்தது. நர்ஸின் முகம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. ஷட்டர் திறந்திருந்த அத்தனை நேரமும் அவர் அசையாமல் கணவரையே பார்த்திருக்கிறார்.

அண்ணியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கேமராவின் சின்னத் திரையில் நர்ஸ் அதைப் பார்த்தார்.

"இது வேண்டாமே. அழிச்சிடுங்க" என்றார் மெதுவாக.

"சரிங்க" என்றார் அண்ணி. அலமாரிக் கதவைத் திறந்துவைத்து இன்னொன்று எடுத்தார். தரகருக்குப் போனது அந்த இரண்டாவது படம்தான். "பரவாயில்லயே, மச்சான் கேமராவுக்குள்ள இவ்ளோ சரக்கா!" என்றவர், அடுத்த வீட்டு விலாசத்தையும் அனுப்பிவைத்தார்.

அண்ணி முதல் படத்தை அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "மனசு வரல" என்றார்.

6

இனி முடிவு. வீட்டை விற்காமல் அவர்களைச் சேர்த்துவைத்து ஒன்று எழுதினேன். இனித்தது, திகட்டவும் செய்தது. வீட்டை வாங்க வந்தவரே நர்ஸின்… என்று ஒன்று தொடங்கினேன், வெட்கமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வீடு விற்றது. இருவரும் வேறு வேறு இடத்துக்குக் குடிபோனார்கள். போன வாரம் வாத்தியார் அண்ணியைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், அந்தச் சமையலறைப் படம் இருந்தா ஒண்ணு அனுப்புவீங்களா? சும்மா வெச்சுக்கலாம்னுதான்."

அப்படி இரண்டு படங்கள் உண்டென்பது அவருக்குத் தெரியாது.

அண்ணி கணினி முன் உட்கார்ந்தார். திரையில் இரண்டும் பக்கம் பக்கமாக. ஒன்றை அனுப்பினால் அந்தம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை போகும். மற்றதை அனுப்பினால் வாத்தியார் அறியவேண்டிய ஒன்று அவருக்கு எப்போதும் தெரியாமல் போகும். நான் பின்னால் நின்று வாயைத் திறக்கப் போனேன். "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

இருந்தேன். திரும்பி வந்தபோது திரை அணைந்திருந்தது.

"எத அண்ணி அனுப்புனீங்க?"

"கதைக்கு எது வேணுமோ அத எழுதிக்கோங்க. எங்கிட்ட கேக்காதீங்க."

வாத்தியாரின் பதிலை மட்டும் போனில் காட்டினார். ஒரே வரி: "கிடைத்தது மேடம். ரொம்பத் தெளிவா இருக்கு."

அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். இரண்டு படத்துக்கும் பொருந்துகிறது. உங்களுக்கு என்ன படுகிறது?