கொம்புக்குப் பூக்கேட்ட நாள்

எங்கள் ஊர்ச் சாமியின் செம்புக் கொம்பு, கொடைக்கானலில் ஒரு மிஷன் மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. என் மாமனார் காலத்தில் வேட்டைக்கு வந்த ஒரு துரை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனது. கொம்பு ஊதாமல் சாமி கோயிலை விட்டுப் புறப்படாது. நான் வாழ்க்கைப்பட்டு வெள்ளகவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு திருவிழாவில்கூடச் சாமி வெளியே வந்ததில்லை.

“வெள்ளைக்காரன் அவன் ஊருக்குப் போயிப் பத்து வருசமாச்சு. எங்க கொம்பு மட்டும் இன்னும் ஊர் திரும்பலையே!” என்று மியூசியப் பொறுப்பில் இருந்த அருளப்பன் ஃபாதரிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பின்னால் நின்று கனைத்தார். அவர் அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

“வெலைக்கு வாங்குனதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்கம்மா. நீங்க இல்லைங்கிறீங்க. ரெண்டு பக்கமும் சாட்சி சொல்ல ஆள் இல்ல. சும்மா தூக்கிக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது.” ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். “உங்க வழக்கப்படி பூக்கேட்டுப் பாப்போமா? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தீர்ப்புன்னு மேல சொல்லிக்குவேன்.”

இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளையை எடுத்தால் கொம்பு எங்களுக்கு. சிவப்பை எடுத்தால் இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சரி என்று தலையாட்டிய பிறகுதான், பொட்டலத்தைத் தானே மடிப்பேன் என்றார் மனுஷர். பாலுக்குப் பூனை காவலா! இரண்டிலும் சிவப்பைத்தான் வைப்பார் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே போய் மடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். சாமி பேரைச் சொல்லி ஒன்றை எடுத்தேன். அவசரமாகப் பிரித்ததில் தாளே கிழிந்துவிட்டது.

வெள்ளை ரோஜா!

நான் போட்ட கூச்சலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். நாச்சிமுத்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஃபாதர் பெட்டியைத் திறந்து கொம்பை அவர் கையில் கொடுத்தார். அப்படியே மிச்சப் பொட்டலத்தை எடுக்கப் போனார்; நான் முந்திக்கொண்டேன்.

“எடுக்காத பொட்டலத்த ஓடுற தண்ணியில விடணுங்க.”

அவர் முகம் மாறியது. “பிரிக்காம விட்டுருங்கம்மா. வெரசா கெளம்புங்க, மழை வருது.”

காட்டுப் பாதையில் இறங்கி, முதல் ஓடையில் பொட்டலத்தை விட்டேன். தாள் நனைந்து தானாக விரிந்தது. மிதந்து போன பூவும் வெள்ளை ரோஜாதான்.

“ஏங்க! அதுவும் வெள்ளைங்க!” என்று கத்தினேன்.

நாச்சிமுத்து ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். “வாய மூடிக்கிட்டு நட புள்ள. வெளிய தெரிஞ்சா அந்த மனுசன் சோலி முடிஞ்சிரும்.”

அந்த நல்ல மனுஷரையா பூனை என்றேன்! வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு வெள்ளைப் பூவுக்குச் சாமி கணக்குக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வருஷத் திருவிழாவில் சாமி புறப்பட்டது. நாச்சிமுத்து கோயிலைப் பார்த்து ஊதினார். ஊரே குலவை போட்டது. நான் அவர் தோளைப் பிடித்துக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பினேன்.

“இன்னொரு தடவ ஊதுங்க. அவருக்கும் கேக்கட்டும்.”