மூன்று வாரத்து முகம்

கமலினிக்குத் தன் கணவனை இருபத்தொரு நாள்தான் தெரியும். எழுபத்திமூன்றில் யாழ்ப்பாணத்தில் தாலி கட்டி, அவளுடன் மூன்று வாரம் இருந்துவிட்டு நித்தியானந்தன் ஆஸ்திரேலியாவின் மெல்பேணுக்குப் பறந்தான். அவளுடைய விசா வந்து சேர நான்கு வருடம் ஆயிற்று. விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு, "களைச்சுப் போனீரோ?" என்று கேட்டவன் வேறு யாரோ போலிருந்தான்.

மூக்கு அகன்றிருந்தது. தாடை முன்னுக்குத் தள்ளியிருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் சத்தியம் பண்ணிச் சொல்லவும் அவளால் முடியவில்லை. புதுப்பெண் எவ்வளவுதான் புருசனின் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பாள்?

ஸ்பிரிங்வேல் வீட்டு வாசலில் இரண்டு அளவில் சப்பாத்துகள் கிடந்தன. சின்னது யாருடையது என்று கேட்டாள்.

"என்ரைதான். இப்ப காலுக்குக் கொள்ளுதில்லை."

முப்பத்திரண்டு வயதில் யாருக்குக் கால் வளரும்? கல்யாண மோதிரமும் விரலில் இல்லை. இறுகிவிட்டதாம். யோசித்துப் பார்த்தால், கடைசியாக வந்த கடிதங்களில் கையெழுத்துக்கூடப் பருத்துத்தான் போயிருந்தது.

அவள் சோதித்துப் பார்த்தாள். "கீரிமலைக்குப் போன அண்டைக்கு நான் என்ன சீலை உடுத்தனான்?"

"பச்சை. கேணிப்படியிலை வழுக்கிப்போட்டு அழுதனீர்."

சரிதான். ஆனால் இவன் நித்தியின் அறைக் கூட்டாளியாக இருந்தால்? ஒரே அறையில் நான்கு வருடம் கூட இருந்தவனுக்கு ஒரு மனிதன் என்னதான் சொல்லியிருக்க மாட்டான்? உண்மையான நித்தி பனி விழும் ஏதோ ஒரு ஊரில் பெயரில்லாமல் கிடப்பதாக அவள் கற்பனை செய்தாள். அறைக் கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டு படுத்தாள். அவன் ஏனென்று கேட்காமல் கூடத்துச் சோபாவில் படுத்தான். கேட்காததும் சந்தேகமாக இருந்தது. இவன் அவனில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். அண்ணருக்கு எழுதிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள்.

தமிழில் கேட்கக்கூடிய ஆள் பக்கத்துத் தெரு டொக்டர் விக்னராஜா ஒருவர்தான். நித்தி வேலைக்குப் போன பிறகு அவரிடம் போய், அவனுடைய கடவுச்சீட்டையும் கல்யாணப் படத்தையும் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையின் படம் ஒட்டிய பழைய பாஸையும் மேசையில் வைத்தாள்.

"இது மூண்டும் ஒராளோ, டொக்டர்?"

"பிள்ளை, இது பொலிசிட்டைக் கொண்டுபோற கேள்வியெல்லோ."

"அவங்கட இங்கிலீசு எனக்கு விளங்காது."

டொக்டர் சிரித்தார். பிறகு படங்களை வருட வரிசையில் வைத்துப் பார்த்தவர் சிரிப்பதை நிறுத்தினார். சப்பாத்து அளவு கூடினதோ, மோதிரம் இறுகினதோ, தலையிடி என்கிறவரோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஓம் என்றாள்.

"உங்களுக்கும் அவரிலை சந்தேகமோ?"

"இப்பதான் வந்தது. ஆள் அவர்தான் பிள்ளை. மூளைக்கு அடியிலை கடலையளவு சுரப்பி ஒண்டு இருக்கு. அதிலை கட்டி வந்தா, வளந்த ஆளுக்கும் கை கால் முகமெல்லாம் பெருக்கும். நாளைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

இரத்தப் பரிசோதனையும் மண்டையோட்டு எக்ஸ்ரேயும் அதையேதான் சொல்லின. கமலினி அரைகுறையாக நம்பினாள். சத்திரசிகிச்சை பற்றி டொக்டர் விளக்கியபோது அந்த அரைகுறையும் ஆட்டம் கண்டது. மண்டையைத் திறக்க மாட்டார்களாம். மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கின் வழியே போய், நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்துக் கட்டியை எடுப்பார்களாம். இப்படியும் ஒரு வழி இருந்தால் மனிதர் ஏன் மண்டையை வெட்டப் போகிறார்கள்?

சத்திரசிகிச்சை முடிந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். தலைமயிர் அப்படியே இருந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. மூக்குக்குள் துணி அடைத்திருந்தார்கள். போர்வையை விலக்கினால் வலது தொடையில் பெரிய கட்டு.

"ஆள் மாறி வெட்டிப்போட்டாங்களோ?"

நித்தி வாயால் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னான். "தொடையிலை கொஞ்சச் சதை எடுத்து உள்ளுக்கை அடைச்சவை. ஓட்டை போட்டா மூடத்தானே வேணும்."

"ஆர் சொன்னது?"

"நேர்ஸ்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"மயங்கிக் கிடந்தனான், கமலி. பாத்திருந்தா உமக்குத்தான் முதல் சொல்லியிருப்பன்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். வீக்கம் வற்றும், வளர்ந்த எலும்பு திரும்பாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். இனிமேல் இந்தத் தாடைதான்.

"நான் உங்களை வேற ஆள் எண்டு நினைச்சனான்."

"தெரியும். கொண்டி போடுற சத்தம் கூடத்துக்குக் கேக்கும். கீரிமலைக் கேள்விக்கு வேணுமெண்டே பிழையாச் சொல்லுவமோ எண்டும் யோசிச்சனான்."

"ஏன்?"

"கண்ணாடி பாத்துச் சவரம் எடுக்கேக்கை எனக்கும் சந்தேகம்தான். நான் அவனில்லை எண்டு நீர் சொன்னா, ரெண்டு பேருக்கும் ஒரு முடிவு வந்திருக்கும்."

கமலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. உதட்டைப் பொத்திக்கொண்டான். "சிரிக்கப் பண்ணாதையும். தையல் பிரிஞ்சிடும்."

உதட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டான். "பழைய முகம் வராது. போகப் போறீரோ?"

பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. மற்றக் கட்டில்களின் ஆட்கள் எழுந்து போனார்கள்.

"நாளைக்கு ரசம் கொண்டு வரட்டோ?" என்றாள்.

"நேர்ஸிட்டைக் கேட்டுப் பாரும், விடுவாளோ எண்டு."

"அவளிட்டை நான் கேக்கமாட்டன். தொடைக் கதையையே இன்னும் நம்பேல்லை," என்று சொல்லிவிட்டு, கமலினி கதிரையைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள்.