தப்பாத ஊசி

என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான், டெல்மர் என் துப்பாக்கி ரிப்பேர் கடைக்குள் வந்து ரிவால்வரை மேஜை மேல் வைத்து, "வெர்னா, இது வெடிக்கல," என்றதும் முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எது? நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்ததா?"

"அதேதான்."

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. விசையை இழுக்க முடியாமல் திண்டாடினான். நான்தான் உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மாற்றி இலேசாக்கிக் கொடுத்தேன். இழுப்பது சுலபம், ஆனால் தோட்டாவைக் குத்தும் ஊசியை அடிக்கிற சுத்தியும் மெதுவாகத்தான் விழும். சில தோட்டாக்களுக்கு அந்த அடி பத்தாது. கம்பெனி போட்ட அந்த ஊசியை, ஃபயரிங் பின்னை, எடுத்துவிட்டு நீளமான ஊசி போட்டுக்கொள் என்று அப்போதே சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தான். பிறகு அவன் மனைவி ஐலீன் படுத்த படுக்கையானாள். மார்ச்சில் போய்ச் சேர்ந்தாள். இரும்புத் தட்டுகளைச் சுட்டு வீழ்த்தும் எங்கள் மாதப் போட்டிக்கு அவன் வந்து ஏழு மாதமாகிறது.

திரும்ப வரப்போகிறான் என்று நினைத்தேன். கோபமெல்லாம் பறந்துபோய்விட்டது.

"வந்து சேரு கிழவா. உன்னை மாதிரி ஒருத்தன் இல்லாம போட்டில அந்த ஹோபர்ட் பய ஆடற ஆட்டம் தாங்கல."

டப்பாவைத் திறந்து மூன்று ஊசிகளை எடுத்து வைத்தேன். "இது டைட்டானியம். எடை கம்மி, வேகமாப் போகும். ஆனா எல்லாத் தோட்டாவுக்கும் ஒத்து வராது. இது ரொம்ப நீளம், தோட்டாவைக் குத்திக் கிழிச்சாலும் கிழிச்சிடும். நடுவுல இருக்கு பாரு, எஃகு, என் துப்பாக்கில அதைத்தான் போட்டிருக்கேன்."

அவன் மூன்றையும் பார்த்தான். தொடவில்லை.

"தப்பாத ஊசி எது? ஒரு தடவ கூடத் தப்பக் கூடாது."

"அடிபட்ட தோட்டாவைக் காட்டு, சொல்றேன்."

வெடிக்காத தோட்டா இல்லாமல் யாரும் என்னிடம் வரக் கூடாது. இருபது வருஷமாகக் கத்திக் கத்திப் பழக்கியிருக்கிறேன். டெல்மர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்புறம் ஊசி குத்தும் பொட்டின் நட்ட நடுவில் ஆழமில்லாத ஒரு குழி.

"மீதி அஞ்சு எங்க?"

"எந்த அஞ்சு?"

"ஆறு போட்டிருப்பேல்ல? மத்தது வெடிச்சுதா, இல்ல எல்லாமே இப்படித்தானா? அதைப் பாக்காம நான் எப்படிச் சொல்றது?"

"ஒண்ணுதான் போட்டேன்."

"ஒண்ணா? எந்த மைதானத்துல போய் ஒண்ணு போட்டுச் சுட்டே?"

"மைதானத்துல இல்ல. சமையலறைல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒற்றைத் தோட்டா யாருக்கு என்று எனக்கும் புரிந்தது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

கடையில் நாங்கள் இருவர்தான். நான் மாட்டேன் என்றால் பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. அங்கே ஐந்து நிமிஷத்தில் ஊசியை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். கத்தினால் எழுந்து போய்விடுவான். மாட்டிக் கொடுத்தால், நான் மாட்டிய ஊசி தப்பாது. எந்தப் பக்கம் போனாலும் சுவர். என் வேலை ஒரு முறை தோற்றுப் போனதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படி நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"இது எதுவும் உன் ரிவால்வருக்குச் சேராது. ஆர்டர் போட்டு வரவழைக்கணும்," என்றேன். மூன்று ஊசிகளும் எங்கள் நடுவில்தான் கிடந்தன.

"எத்தனை நாளாகும்?"

"தெரியாது. அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கும். வீட்ல வேற என்ன இருக்கு?"

"வேட்டைத் துப்பாக்கி ரெண்டு."

"வா, ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வருவோம்."

"வெர்னா, என்னை விட்டுடு."

"மாட்டேன்."

கடையைப் பூட்டினேன். அவன் என் வண்டியில் ஏறிக்கொண்டான். எதிர்ப்பதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. அன்றைக்கே டல்சாவில் இருக்கும் அவன் மகள் ட்ரூடிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள், பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்காக அவன் என்னைத் திட்டாத திட்டில்லை. நாய்க்குச் சங்கிலி போட்ட மாதிரி என்னைக் கட்டிப் போட்டுட்டே என்றான். சங்கிலியின் மறுமுனையில் நான் கட்டப்பட்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆறு வாரமாக நான் ஊரைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடையில்தான் இருக்கிறேன். காரணம், தினமும் காலை எட்டு மணிக்கு அவன் கூப்பிடுவான்.

"ஊசி வந்துச்சா?"

"வரல."

"எப்ப வரும்?"

"நாளைக்குக் கேளு."

"சரி. நாளைக்குக் கேக்கறேன்."

வராது என்று அவனுக்கும் தெரியும். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லும்வரை நான் போனை வைப்பதில்லை.

நேற்று எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டே காலுக்கு நானே அடித்தேன், எடுக்கவில்லை. எட்டரைக்குக் கார் சாவியைத் தேடினேன்; கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன். கதவைத் திறக்கும்போது போன் மணி அடித்தது.

"வெர்னா," என்றான், தொண்டை கரகரத்தது. "தூங்கிட்டேன். ஐலீன் போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் விடிஞ்சது தெரியாமத் தூங்கியிருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேக்குதா? ஊசி வந்துச்சா?"

"வரலடா," என்று அழுதுகொண்டே கத்தினேன், "நாளைக்குக் கேளு!"