நாலாவது குரல்

விடிவதற்கு முன்பே ஃபேர்ஃபீல்டு பட்டறையில் அறுவை எந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. குளிரில் விறைத்த விரல்களால் குவார்ட்ஸ் பலகையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றான் செமிசி. படிகக்கல்லைப் பொடித்துப் பசையில் பிசைந்து வார்த்த பலகை அது. சமையலறையின் நடுவே மேடையாகப் போட்டு, அதன் மேல் காப்பிக் குவளையை வைத்து, "என்ன வழுவழுப்பு!" என்று தடவிப் பார்ப்பார்கள். அறுக்கும்போது பறக்கிற தூள் எங்கே போகிறது என்று ஒரு வீட்டுக்காரரும் கேட்டதில்லை.

"ரெடி" என்றான் செமிசி.

"ரெடி" என்றான் எதிர்மூலையில் நின்ற வியட்நாம்காரன் பாவ்.

"ரெடி" என்றான் ஈராக்கிலிருந்து வந்த யோனான்.

நாலாவது மூலையில் நின்ற நேபாளத்துக்காரன் பிமல் புதியவன். வாயைத் திறக்காமல் தூக்கப் பார்த்தான்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா! நீ சொல்லாம நாங்க தூக்க மாட்டோம்" என்று யோனான் அதட்டினான். "விரலு வேணுமா, வேணாமா உனக்கு?"

"ரெடிண்ணே."

கல் எழுந்து லாரி ஏறியது.

பிமலுக்கு முன் அந்த மூலையைப் பிடித்த மிலன் ஏற்படுத்திய வழக்கம் அது. எவனோ அவசரப்பட்டுத் தூக்கி அவன் கட்டைவிரல் நசுங்கிய நாளிலிருந்து, நாலு குரலும் வந்தால்தான் கல் அசையும். அந்த மிலன் இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டில் கிடக்கிறான். நுரையீரல் முழுக்கக் கல்தூள். முதலாளி வெய்ன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பழக்கூடையை அனுப்பிவிட்டு, மிலனின் மூலைக்குப் பிமலைப் பிடித்துப் போட்டான். மனுஷனுக்கு அவ்வளவு பெரிய மனசு.

செமிசி டோங்கா நாட்டுக்காரன். ஞாயிறுதோறும் சர்ச்சில் அவன் அடித்தொண்டையில் பாடினால் கூரை அதிரும். போன மாதம், குரலை நீட்ட வேண்டிய இடத்தில் மூச்சு அறுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்க, சளி என்று சமாளித்தான். நெஞ்சைப் படம் எடுக்கப் போகவில்லை. படத்தில் ஏதாவது தெரிந்தால் வேலையும் போகும், பாட்டும் போகும் என்று பயந்தான்.

காஸில் ஹில் பகுதியில் ஒரு வீட்டில் பலகையை மேடை அலமாரிகளின் மேல் இறக்கி, மட்டம் பார்த்தார்கள். எல்லாம் சரி. பாத்திரம் கழுவும் தொட்டியை எடுத்து, பலகையில் அதற்காக வெட்டிய ஓட்டையில் வைத்தால் அது இறங்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான் பாவ். "தொட்டி கைக்கு வரட்டும், வச்சுப் பாத்து வெட்டுவோம்னு. படத்தப் பாத்து வெட்டச் சொன்னது யாரு?"

சொன்ன வெய்ன் காரில் வந்து இறங்கினான். குனிந்து பார்த்தான்.

"ஒரு விரக்கடைதானே? பின்பக்க முற்றத்துக்குத் தூக்கிட்டுப் போய்க் கிரைண்டரப் பிடிங்க."

"தூள் பறக்காம அறுக்கணும்னா தண்ணி விடணும். அங்க தண்ணி இருக்கா?" என்று கேட்டான் செமிசி.

"தண்ணியா? புதுசாப் பாவின தரை. சேறு பட்டாக் கறை பிடிச்சிடும். அப்படியே அறுங்க. மத்தியானம் வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."

"பட்டறைக்குக் கொண்டுபோய்த் தண்ணி விட்டு அறுத்துட்டு நாளைக்கு வர்றோம்."

"நாளைக்கு வேற வீடு இருக்கு. மாஸ்க் போட்டுக்கங்கப்பா, என்ன இப்போ?"

"மிலனும் மாஸ்க் போட்டுத்தான் அறுத்தான்" என்றான் பாவ்.

"மிலன் ஊதித் தள்ளுன சிகரெட்டு கொஞ்சமா நஞ்சமா? அதையும் சேத்துச் சொல்லு."

செமிசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் சிகரெட்டத் தொட்டதே இல்ல, வெய்ன். எனக்கும் மூச்சு வாங்குது."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது. யோனான் அவனையே பார்த்தான்.

"எனக்கும்தான். மாடிப்படி ஏறினா பாதியில நின்னுடறேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

"ராத்திரி இருமுறேன். சோபாவுல போய்ப் படுத்துக்கறேன்" என்றான் பாவ்.

ஒரே கல்லைத் தூக்கிய மூன்று பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். இத்தனை காலம் இப்படி முட்டாளாக இருந்தோமே என்று செமிசிக்கு வெட்கமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று சொல்லி, யோனானை விலக்கிவிட்டு அவன் மூலையை வெய்னே பிடித்தான். "பிமல், வந்து பிடி. விசா ஞாபகத்துல இருக்கட்டும். செமிசி, பாவ், பிடிங்க. ம், ரெடி!"

மூலைகளில் கைகள் இருந்தன. குரல் வரவில்லை.

"ரெடின்னு சொல்றேன்ல!"

பிமலின் உதடு அசைந்தது. செமிசியைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டான். வெய்ன் தன் மூலையை நெம்பிப் பார்த்தான். முகம் சிவந்ததே தவிர, கல் நகரவில்லை.

"கைய எடுங்க, வெய்ன்" என்றான் யோனான். "அது என் மூலை."

வெய்ன் எடுத்தான்.

"லாரிக்குன்னா நான் ரெடி" என்றான் செமிசி.

"ரெடி."

"ரெடி."

வேலை போனால் பிமலுக்கு விசாவும் போகும். மூன்று பேரும் அவனை அவசரப்படுத்தவில்லை. விரலை இன்னும் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வீடே எதிரொலிக்கச் சொன்னான்:

"ரெடிண்ணே!"

கல் எழுந்தது. வாசலை மறித்து நின்ற வெய்ன், அது தன்னை நோக்கி வருவதைப் பார்த்து ஒதுங்கினான்.

"நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வராதீங்க!"

"வரமாட்டோம்" என்றான் செமிசி, நடந்துகொண்டே. "நாலு பேரும் நெஞ்சப் படம் எடுக்கப் போறோம். அப்புறம் மிலனக் கூட்டிக்கிட்டு யூனியன் ஆபீசுக்குப் போறோம். உங்க பட்டறையில மத்தவங்களும் இருக்காங்கல்ல, அவங்களையும் கேப்போம்."

லாரி கிளம்பியது. நாளை என்ன ஆகும் என்று ஒருவனுக்கும் தெரியாது. செமிசி வண்டியை ஓட்டிக்கொண்டே அந்தச் சர்ச் பாட்டை எடுத்தான். அதே இடத்தில் மூச்சு அறுந்தது. இருமினான். பாட்டும் தெரியாத, சொல்லும் தெரியாத யோனான் அந்த இடத்திலிருந்து கன்னாபின்னாவென்று கத்தி நீட்ட, பாவ் டேஷ்போர்டைத் தட்டினான். பின்சீட்டில் பிமலும் சேர்ந்துகொண்டான். செமிசி மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பாட்டுக்குள் நுழையும் வரை அவர்கள் நிறுத்தவில்லை.