பதினேழாவது ஊட்டு விளக்கு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் அறை கேட்டு நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரை விட்டுத் தலை தூக்கவேயில்லை. அந்த எரிச்சலில் பிறந்த கதை இது.

2

பனி போர்த்திய மலையில் காப்பிப் பூக்கள்... வேண்டாம். [ஏற்காடு என்றதும் பனியைக் கூப்பிடுவது சுத்தச் சோம்பேறித்தனம்.]

அந்த வரவேற்புப் பெண்ணின் பெயர் சிவரஞ்சனி, ஊர் நாகலூர். அவள் ஆடியது கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் கேம். திருப்பூர், பெங்களூர் என்று சிதறிய சொந்தபந்தமெல்லாம் அதில் உண்டு. நாகலூரையே உள்ளே கட்டிவிட்டாள். வீட்டுக்கொரு விளக்கு, அவர்கள் பேச்சில் ஊட்டுக்கொரு விளக்கு; எல்லா வயரும் கேமுக்குள் இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்கு. சாயங்காலம் திருவிழா. ஒரே அமுக்கில் ஊரே எரிய வேண்டும்.

3

எரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பதினாறு விளக்கைத்தான் தாங்கும். இன்னொன்றை மாட்டினால் பொசுக்கென்று மொத்தமும் அணைகிறது. ஊடோ பதினேழு.

[இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கலாமே என்று துள்ளும் இன்ஜினியர் வாசகரே, உட்காருங்கள். அத்தை ஊட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று வைக்கட்டுமா என்று அத்தை அத்தாயியிடமே போனில் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தாள்.]

"ஏங்கண்ணு, எங்களைத் தனியா ஒதுக்கி வெக்கறதுக்கா ஊடு கட்டுன?"

போன திருவிழாவுக்கு ஊடு ஊடாகப் போய் அழைத்த அம்மா மலர், அத்தை ஊட்டை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை. இந்தக் கேமுக்குள்தான் இருவரும் ஒரே தெருவில் நிற்கிறார்கள். இதுவும் போனால் அத்தை உறவே போச்சு.

4

முடிவு அ: தன் ஊட்டு வயரையே கழற்றித் தியாகியாகிறாள். கழற்றித்தான் பார்த்தாள். அம்மா உடனே கூப்பிட்டாள். "அவ ஊடு எரியோணும், உன்னைப் பெத்தவ இருட்டுல கெடக்கோணும். நொம்ப நல்லாருக்கு சாமி." மறுபடி மாட்டினாள்.

முடிவு ஆ: எல்லா ஊடும் இருட்டு, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சொந்தக்காரர்கள் பெருவாரியாக ஆதரித்தது இதைத்தான்.

முடிவு இ: [ஆள் அதிகமென்று முருகன் சித்தப்பாவை இந்தக் கதையிலிருந்து தூக்கிவிட்டேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு, அவளுக்கு... இருங்கள், சாயங்காலமாகிவிட்டது.]

5

எல்லாரும் கேமுக்குள் வந்துவிட்டார்கள். அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நிற்கிறார்கள். சிவரஞ்சனி இப்போதுதான் தலை தூக்குகிறாள்.

"ஏனுங்க, எழுதறவங்கதானுங்களே? நீங்களே ஒரு ஊட்டைச் சொல்லுங்க."

நான் நழுவிவிட்டேன். எந்த வயரைக் கழற்றுவது என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்ன கையோடு அந்த ஊட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.